நன்றாக முடிந்த வேலையிலிருந்து குழு என்ன கற்கலாம்? கேள்வி பதில்

தவறு நடந்தால் கூட்டம், அறிக்கை எல்லாம் உண்டு. வேலை நன்றாக முடிந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு நன்றியோடு விட்டுவிடுகிறோம். வெற்றியையும் அதே அக்கறையோடு ஆராய்வது எப்படி என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

துவாஸ் கிடங்கு மேற்பார்வையாளர்: அண்ணா, 11.11 விற்பனை வாரத்தில் எங்கள் இரவு ஷிஃப்டில் ஒரு பார்சல்கூடத் தாமதமாகவில்லை. என்ன செய்தோம் என்று எழுதித் தரச் சொல்கிறார் மேனேஜர். எங்கே தொடங்குவது?

எழுதுவதற்கு முன் பேசுங்கள். இரண்டு நாளுக்குள் பேசிவிட வேண்டும். அதற்குப் பிறகு எல்லாரும் நடந்ததை மறந்து, நடந்திருக்க வேண்டியதைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஆறு முதல் எட்டுப் பேர், 45 நிமிடம், சம்பள நேரத்துக்குள். ஷிஃப்ட் முடிந்தபின் பிடித்து உட்கார வைத்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

தேசிய சேவை செய்தவர்களுக்கு 'ஏஏஆர்' (After Action Review, ஒரு வேலை முடிந்ததும் செய்யும் மீளாய்வு) பழக்கமாக இருக்கும். அமெரிக்க ராணுவத்தில் 1970களில் உருவான முறை அது. என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, வித்தியாசம் ஏன், அடுத்த முறை எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று வரிசையாகக் கேட்பார்கள். அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் 15 நிமிடம் வெள்ளைப் பலகையில் நேரக்கோடு வரையுங்கள். அந்தந்த மணிக்கு நேராக அவரவர் செய்ததைச் சிறு ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டட்டும். பிறகு மூன்று கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து 20 நிமிடம் தோண்டுங்கள். "அப்போது கண்ணில் பட்டது என்ன? வேறு என்ன செய்திருக்கலாம்? ஏன் இதைச் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "ஏன் ஜெயித்தோம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "டீம்வொர்க்", "ஒற்றுமை" என்றுதான் பதில் வரும், அதை வைத்து அடுத்த ஷிஃப்ட் ஒன்றும் செய்ய முடியாது. அப்படி வந்தால், "அன்று கேமரா வைத்திருந்தால் அதில் என்ன தெரிந்திருக்கும்?" என்று கேளுங்கள். "எட்டு மணிக்கே மூன்றாம் பெல்ட்டிலிருந்து இரண்டு பேரை பேக்கிங்குக்கு மாற்றினோம்" என்பது போன்ற பதில் வரும்வரை விடாதீர்கள். கடைசிப் பத்து நிமிடம், எதைத் தொடர்வது, யார் பொறுப்பு, எந்தத் தேதியிலிருந்து.

சாங்கி, ஐடி குழுத் தலைவர்: வார இறுதியில் சர்வர் மாற்றம் சிக்கலில்லாமல் முடிந்தது. ஆனால் அது திறமையா, அதிர்ஷ்டமா என்றே தெரியவில்லை.

மிக முக்கியமான சந்தேகம். நேரக்கோட்டில் உள்ளதை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: நாம் செய்தது, சூழ்நிலை தந்தது, மயிரிழையில் தப்பியது. அந்த வாரம் பயனாளர் குறைவு என்றால் இரண்டாம் பத்தி. பேக்கப் கடைசி நேரத்தில்தான் முடிந்தது என்றால் மூன்றாம் பத்தி. மூன்றாம் பத்தி காலியாக இருந்தால் நம்பாதீர்கள், மறுபடி கேளுங்கள்.

இந்தப் பத்தியை ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடமே சாட்சி. முந்தைய பயணங்களிலேயே ராக்கெட் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் அரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் ஓடம் பத்திரமாகத் திரும்பியதால் அது ஏற்கத்தக்க அபாயம் ஆகிவிட்டது. 1986 ஜனவரி 28, கடும் குளிர் காலையில் வளையம் நெகிழ்வை இழந்து இணைப்பை அடைக்கத் தவறியது. ஓடம் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் உயிரிழந்தனர். முன்பு கிடைத்த வெற்றிகளே எச்சரிக்கையை மறைத்துவிட்டன.

அங் மோ கியோ வாசகர்: தோல்வியை அலசினால் போதாதா?

போதாது. இஸ்ரேலிய ராணுவ வீரர்களின் வழிகண்டறியும் பயிற்சிகளை வைத்து வெளியான 2005 ஆய்வில், தோல்வியை மட்டும் அலசியவர்களைவிட வெற்றி, தோல்வி இரண்டையும் அலசியவர்களே அதிகம் முன்னேறினார்கள்.

கட்டுமானத் தள சூப்பர்வைசர்: என் ஆட்களில் தமிழர், பங்களாதேஷ்காரர், சீன நாட்டவர் மூவரும் உண்டு. கூட்டத்தில் நான் மட்டும்தான் பேசுகிறேன், அண்ணே.

நீங்கள் கடைசியில் பேசுங்கள். நீங்கள் முதலில் பாராட்டினாலும் சரி, காரணம் சொன்னாலும் சரி, எல்லாரும் அதையே திருப்பிச் சொல்வார்கள். முதல் ஐந்து நிமிடம் ஒரே மொழிக்காரர்கள் இருவர் இருவராகத் தங்கள் மொழியில் பேசட்டும். பிறகு ஒருவர் எல்லாருக்கும் சொல்லட்டும். நடத்துவதற்கு வேறு குழுவிலிருந்து ஒருவரை அழைப்பது இன்னும் நல்லது.

இன்னொன்று. வேகமாக முடிந்த வேலைக்குப் பின்னால் பல நேரம் விடுபட்ட ஒரு படி இருக்கும். அதை ஒருவர் ஒப்புக்கொண்டதும் மறுநாள் அபராதம் போட்டால் அத்தோடு அந்தக் கூட்டம் செத்தது. ஆபத்தான குறுக்குவழி என்றால் அன்றே நிறுத்துங்கள், ஆனால் ஆளை விட்டுவிட்டு, அந்தப் படியை ஏன் தாண்ட வேண்டியிருந்தது என்று பாருங்கள். ஹார்னஸ் (உயரத்திலிருந்து விழாமல் காக்கும் பட்டை) எடுக்க இரண்டு மாடி இறங்க வேண்டியிருந்தால், மாற்ற வேண்டியது ஹார்னஸ் வைக்கும் இடத்தை.

மருத்துவமனைத் தாதி: எங்களுக்கு 45 நிமிடம் கிடைக்கவே கிடைக்காது.

பொறுப்பு ஒப்படைக்கும்போது ஐந்து நிமிடம் போதும். "இன்று எது வழக்கத்தைவிடச் சுலபமாகப் போனது?" ஒரே கேள்வி. பதிலை நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். ஒரே பதில் மூன்று முறை வந்தால் அதற்கு மட்டும் தனியாக உட்காருங்கள்.

பணி ஓய்வு பெற்றவர்: தம்பி, 'டீமி' தேனீ காலத்துத் தரக் கட்டுப்பாட்டு வட்டங்களும் இதுவும் ஒன்றுதானா?

உறவு உண்டு ஐயா. 1981இல் சிங்கப்பூரில் உற்பத்தித்திறன் இயக்கம் தொடங்கியது, அதன் சின்னம்தான் 'டீமி' தேனீ. அதன்பின் பரவிய அந்த வட்டங்கள், அதாவது ஊழியர்களின் சிறு குழுக்கள், பெரும்பாலும் ஒரு பிரச்சினையை எடுத்துத் தீர்த்தன. இங்கே நல்ல விளைவிலிருந்து தொடங்குகிறோம். கருவிகள் அப்படியே உதவும். அன்று காரணங்களைக் கண்டுபிடிக்க வரைந்த மீன்முள் படத்தில் தலைப்பகுதியில் பழுதை எழுதியிருப்பீர்கள். அங்கே 'தாமதம் இல்லை' என்று எழுதி, ஆள், முறை, இயந்திரம், பொருள் என்று முட்களை நிரப்பிப் பாருங்கள். உங்கள் அனுபவம் இளையவர்களுக்கு மிகவும் தேவை.

தேக்கா, உணவு கேட்டரிங் நிறுவனம்: எல்லாம் எழுதி வைத்தோம். யாரும் அந்த ஃபைலைத் திறப்பதில்லை.

ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். என்ன நிலைமை, என்ன செய்தோம், எதைப் பார்த்து முடிவெடுத்தோம், எங்கே இது பொருந்தாது, யாரைக் கேட்கலாம். 'பொருந்தாது' வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். 200 பேர் விருந்துக்குச் சரிப்பட்ட பரிமாறும் வரிசை 800 பேருக்கு அடைத்துக்கொள்ளும். போன தீபாவளித் தாளை இந்தத் தீபாவளித் திட்டக் கூட்டத்தில் முதல் வேலையாக வாசியுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் சோதியுங்கள். மூன்று விஷயங்களைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பெயர் வேண்டாம் என்றவர்: நாங்கள் சொன்ன யோசனையை மேலே வேறொருவர் பெயரில் அனுப்பிவிடுகிறார்கள்.

தாளில் ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில், அதைச் செய்தவர் சம்மதத்தோடு, பெயரை எழுதுங்கள். கூட்டம் முடிந்ததும் பலகையைப் படம் எடுத்து, கலந்துகொண்ட எல்லாருக்கும் உடனே அனுப்புங்கள். அறிக்கை மேலே போவதற்கு முன் அது எல்லார் கைப்பேசியிலும் இருக்க வேண்டும்.