உண்ணிக்கடி தடுப்பு: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: தினமும் மாலையில் நாயுடன் புதர்கள் நிறைந்த பாதையில் நடக்கிறேன். உண்ணி மரத்திலிருந்து தலைமேல் விழும் என்கிறார்களே, தொப்பி அணிந்தால் போதுமா?

பதில்: உண்ணி பறப்பதுமில்லை, குதிப்பதுமில்லை; மரத்திலிருந்து குறிபார்த்து விழுவதுமில்லை. புல்லின் நுனியைப் பின்னங்கால்களால் பற்றிக்கொண்டு, முன்னங்கால்களை விரித்தபடி காத்திருக்கும். அந்த முன்னங்கால்களில்தான் நம் மூச்சுக்காற்றையும் உடற்சூட்டையும் உணரும் உறுப்பு இருக்கிறது. நாம் உரசிச் செல்லும் கணத்தில் தொற்றிக்கொண்டு மேல்நோக்கி ஊரும். பிறகு தலையிலோ காதருகிலோ அதைக் கண்டெடுப்பதால், மேலிருந்து விழுந்ததாக எண்ணிவிடுகிறோம். எனவே தொப்பியைவிடக் கால்களைக் காப்பதே முக்கியம். வெளிர்நிற முழுக்காற்சட்டை அணிந்து அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். பாதையின் நடுவில் நடங்கள். வீடு திரும்பிய 2 மணி நேரத்திற்குள் குளித்துவிட்டு அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம், தொப்புள், காதின் பின்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். இளம்பருவ உண்ணி கசகசா அளவே இருக்கும் என்பதால், கண்ணால் பார்ப்பதோடு விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: குழந்தைகளுக்குப் பூச்சிவிரட்டி பூசலாமா?

பதில்: டீட் அல்லது பிகாரிடின் கலந்தவற்றை, உறையில் உள்ள குறிப்பின்படி பூசலாம்; ஆனால் 2 மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கு எதுவும் பூசக் கூடாது. குழந்தையின் உள்ளங்கை, கண், வாய் ஆகியவற்றின் அருகிலும் வேண்டாம். பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி 0.5 விழுக்காடு கலந்த தெளிப்பான் துணிக்கும் காலணிக்கும் மட்டுமே உரியது. அதைத் தோலில் பூசாதீர்கள்.

கேள்வி: நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்து மீதமிருக்கிறது. பூனைக்குச் சிறிதளவு விடலாமா?

பதில்: ஒரு சொட்டுகூட விடாதீர்கள். நாய்களுக்கான பல மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாயின் உடல் அதைத் தாங்கிக்கொள்ளும். பூனையின் கல்லீரலால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. அன்போடு இதையே செய்த ஒருவர், உடல் முழுதும் உதறிக்கொண்டிருந்த பூனைக்குட்டியைத் துண்டில் சுற்றி என்னிடம் எடுத்து வந்த காட்சி இன்னும் மனதைவிட்டு அகலவில்லை. தவறுதலாக விட்டிருந்தால், நடுக்கம் தொடங்கும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். நாய்க்கு மருந்து விட்ட பின்பும், அது நன்றாக உலரும்வரை பூனையை நாயோடு படுக்கவிடாதீர்கள்.

கேள்வி: நாயைக் குளிப்பாட்டி உண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாலும் மறுவாரமே திரும்ப வருகின்றனவே?

பதில்: உங்கள் நாய் மட்டுமன்றி வீடும் உண்ணியின் இருப்பிடமாகிவிட்டது. பழுப்பு நாய் உண்ணி என்னும் வகை, வீட்டுக்குள்ளேயே தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்க வல்லது. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவர் விரிசலிலோ கதவுச் சட்டத்தின் பின்னாலோ ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டு இறந்துபோகும். ஆகவே நாயின்மீது நீங்கள் காண்பது ஒரு பகுதியே. விரிசல்களைப் பூசி அடையுங்கள். நாயின் படுக்கை விரிப்பைக் கொதிநீரில் துவையுங்கள். இடுக்குகளைத் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்து, சேர்ந்த தூசியை மூடிக்கட்டி வெளியேற்றுங்கள். நாய்க்கு மாத்திரையோ சொட்டு மருந்தோ கழுத்துப் பட்டையோ, எதுவாயினும் தவணை தவறாமல் சில மாதங்கள் தொடர வேண்டும். உண்ணி கண்ணில் படவில்லை என்று இடையில் நிறுத்துவதால்தான் பெரும்பாலும் மீண்டும் பெருகுகிறது. வலிப்பு வந்த நாயாக இருந்தால், மாத்திரை தருவதற்கு முன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: தோலைக் கவ்விய உண்ணியின்மேல் எண்ணெய் விட்டால் தானாக விழுந்துவிடுமா?

பதில்: எண்ணெய், மண்ணெண்ணெய், தீக்குச்சிச் சூடு எதுவும் வேண்டாம். அவை உண்ணியைக் கலவரப்படுத்தும். அதன் வாயிலிருந்து கிருமி கலந்த நீர் காயத்திற்குள் இறங்க வாய்ப்புண்டு. கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டி, அதன் வாய்ப்பகுதியைப் பற்றி, திருகாமல், வயிற்றை நசுக்காமல், சீராக மேல்நோக்கி இழுங்கள். உண்ணிக்கடியால் பரவும் லைம் என்னும் நோயின் கிருமி உடலுக்குள் பரவ, பொதுவாக உண்ணி 24 மணி நேரத்திற்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். சில நோய்கள் அதைவிட விரைவிலும் பரவும். கண்டவுடன் எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: வாய்ப்பகுதி தோலுக்குள் ஒடிந்து நின்றுவிட்டது. தோண்டி எடுக்கலாமா?

பதில்: எளிதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். தோலே அதை வெளியே தள்ளிவிடும்.

கேள்வி: கடிபட்ட பிறகு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கடித்த தேதியை எழுதி வைத்துக்கொண்டு ஒரு மாதம் கவனியுங்கள். மனிதர்களுக்குக் காய்ச்சல், கடும் தலைவலி, நாளுக்கு நாள் விரியும் செந்தடிப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் அதை ஊகிக்க வழியில்லை. நாய் உணவை மறுத்துச் சோர்ந்து படுத்தால், அதன் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்திருந்தாலோ, சிறுநீர் கருஞ்சிவப்பாக வந்தாலோ, அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.