கேளுங்க சொல்றேன்: ராக் பத்திரிகை அட்டை ஏன் இப்படி கத்துது?

கேள்வி: அண்ணா, நான் பாலக்கோடு, ப்ளஸ் டூ. பெங்களூர்ல வேலை பாக்கற மாமா கெராங்ங்கற ராக் மியூசிக் பத்திரிகை பழசு ரெண்டு குடுத்தாரு, இங்கிலீஷ் பாதி புரியல, ஆனா கீழ வைக்க மனசே வரல. ஏன்ணா?

பதில்: தம்பி, நீ படிக்கறதுக்கு முன்னாடியே அது காதுல விழுந்துடுது, அதான். பேரே எலக்ட்ரிக் கிதார்ல ஓங்கி அடிச்சா வர்ற சத்தம்தான், 1981ல இங்கிலாந்துல ஆரம்பிச்சாங்க. தலைப்பு எழுத்தைப் பாரு, கண்ணாடில கல்லு பட்ட மாதிரி விரிசல். பாடகர் மூஞ்சி அட்டை பூரா இருக்கும், கண்ணு நேரா உன்னையே முறைக்கும், தலை போய் தலைப்பையே பாதி மறைச்சிருக்கும், மறைச்சாலும் பேரு தெரியும்ங்கற திமிரு அது. கருப்பு, சிவப்பு, கோணல் எழுத்து, கிழிச்சு ஒட்டின மாதிரி துண்டு... உங்கப்பா பாத்தா என்னடா கந்தல்னுதான் சொல்லுவாரு, அவரு அப்படி சொல்றதுலதான் உனக்கு பாதி சந்தோஷமே. தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் கடைல தொங்கற சினிமா பத்திரிகைல எல்லாரும் சிரிக்கறாங்க, இதுல ஒருத்தரும் சிரிக்கல, கவனிச்சியா?

நம்ம நாட்டுலயும் 1993ல அலகாபாத்ல ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க.

உள்ள இருக்கற போஸ்டரை மட்டும் அம்மாகிட்ட கேட்டுட்டு ஒட்டு, சுண்ணாம்பு உரிஞ்சா எனக்கும் சேர்த்து திட்டு விழும்.