ஞாயிற்றுக்கிழமையிலும் உபவாசமா?

மேடம், வணக்கம்.

எனக்கு 23 வயது. அரக்கோணம் சொந்த ஊர். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். பி.காம். முடித்து ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சபை மூலமாக ஓராண்டு சமூக ஊழியம் பற்றிக் கேள்விப்பட்டு, ஜெபம் பண்ணி, வேலையை விட்டுவிட்டு ஜூனில் வேலூருக்கு வந்தேன். சத்துவாச்சாரி போகிற வழியில் மலையடிவாரத்தில் ஒரு தெரு. அதிலேயே ஒரு வாடகை வீட்டில் நாங்கள் நான்கு பெண்கள் இருக்கிறோம். தெருவில் பல வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதிக்கொடுப்பது, சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன், இதுதான் வேலை.

வந்ததிலிருந்து ஒன்றும் சரியில்லை. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கூட இருப்பவர்களுக்குப் பொறுப்பு கிடையாது. அடுப்படி கிடக்கிற கிடப்பைப் பார்த்தால் எங்கள் அம்மா மயக்கம் போட்டுவிடுவார்கள். ஆறு மணிக்கு டியூஷன் என்றால் பிள்ளைகள் ஏழு மணிக்கு வருகிறார்கள், வந்ததும் பிஸ்கட் கேட்கிறார்கள். பொறுப்பாளர் அக்காவிடம் சொன்னால், "டியூஷன் கிடக்கட்டும், வீடுகளுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்து பேசு" என்கிறார். சும்மா உட்காரவா நான் வேலையை விட்டேன்?

இந்தத் தெருவில் நன்றி என்பதே இல்லை மேடம். பாதி நாள் லைனில் நின்று டோக்கன் வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தாத்தா மறுநாள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் என்னோடு தங்கியிருக்கிற மற்ற மூன்று பேரிடமும் தெருப் பெண்கள் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். அவர்கள் ஒரு மனுகூட உருப்படியாக எழுதியதில்லை. நான்தான் எல்லாம் எழுதுகிறேன். என்னிடம் மனுவைக் கொடுத்துவிட்டு வாசலோடு போய்விடுகிறார்கள்.

கிண்டலும் உண்டு. எதிர் வீட்டு அம்மா ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொடுத்தனுப்புவார். மற்றவர்கள் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவாமல்கூடத் திருப்பிக் கொடுப்பார்கள், அவ்வளவு ஒழுங்கு. நான் உபவாசம் என்று சொல்லிவிடுவேன். கண்டவர் வீட்டில் கை நனைக்காதே என்று பாட்டி சொல்லித்தான் அனுப்பினார்கள், அதுவும் அங்கே என்ன கறி போடுகிறார்கள் என்றே தெரியாது. அது போகட்டும். போன வாரம் அந்த அம்மா தெருவில் வைத்து, "இன்னாம்மா, ஞாயித்துக்கெழமயிலகூடவா உங்க சாமி பட்டினி போடும்?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். என் விசுவாசத்தைக் கேலி செய்கிற இடத்தில் நான் எதற்கு இருக்க வேண்டும்?

லீவு நாளில் ஆற்காடு ரோட்டுக்குப் போய் பிரியாணி சாப்பிடுவதும், எப்போதாவது ஆயர் வீட்டு விருந்தும்தான் ஆறுதல். அப்பா ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றார். இப்போது திரும்பிப் போனால் அவர் சொன்னது சரியாகிவிடும். கூடப் படித்தவர்கள் சென்னையில் சம்பளம் வாங்குகிறார்கள். வருடம் முடியும்வரை இருக்கவா, இப்போதே கிளம்பவா?

பெயர் வேண்டாம், வேலூர்.

அன்புள்ள மகளுக்கு,

தண்ணீர், அடுப்படி, அப்பா, சென்னைச் சம்பளம் எல்லாவற்றையும் படித்தேன். அவை உண்மையான தொல்லைகள்தான். நான்கு பேர் ஒரு வீட்டில் இருந்தால் பாத்திரச் சண்டை வரும், ஒரு முறைப்பட்டியல் போட்டால் பாதி தீரும். பிள்ளைகள் ஏழு மணிக்கு வருவது சோம்பலால் இருக்காது. அன்றைக்குச் சுற்ற வேண்டிய பீடிக் கணக்கை முடிக்க வீட்டில் அதுகளும் கை கொடுத்துவிட்டு வரலாம். டியூஷனை ஏழு மணிக்கே வைத்துப் பாருங்கள். இவ்வளவு போதும். ஏனென்றால், நீங்கள் "அது போகட்டும்" என்று தாண்டிப் போன இடத்தில் என்னால் தாண்ட முடியவில்லை.

அந்த அம்மா குழம்பு அனுப்புகிறார். நீங்கள் உபவாசம் என்கிறீர்கள். அடுத்த ஞாயிறும் அனுப்புகிறார். நீங்கள் மறுபடி உபவாசம் என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை உபவாச நாள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். இத்தனை காலம் வேலூரில் கிறிஸ்தவர்களோடு பழகிய அந்த அம்மாவுக்கு அது தெரியாமலா இருக்கும்? அவர் கேலி செய்தது உங்கள் விசுவாசத்தை அல்ல, உங்கள் பொய்யை. அதையும் எவ்வளவு மரியாதையாகச் செய்திருக்கிறார் பாருங்கள். "எங்க வீட்டுச் சோறு உனக்கு ஆகாதா?" என்று நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பழியைச் சாமி மேல் போட்டு உங்களைத் தப்பவிட்டார்.

நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதிவிடுகிறேன். இது சாதி. சுத்தம் பற்றியது என்று சொல்லாதீர்கள். ஆற்காடு ரோட்டுப் பிரியாணியை யார் சமைத்தார், எப்படிக் கழுவினார் என்று நீங்கள் விசாரித்ததாகக் கடிதத்தில் இல்லை. ஆயர் வீட்டில் பாட்டியின் சொல் குறுக்கே வரவில்லை. இந்தத் தெருவில் மட்டும் வருகிறது. கோபம் வந்தால் வரட்டும், மேலே படியுங்கள். பாட்டியை நான் குறை சொல்லப் போவதில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொன்னார். மூன்று தலைமுறையாகக் கோயிலுக்குப் போகிற வீட்டில் இது எப்படித் தங்கியது என்று வியக்கவும் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்நாட்டில் சில மிஷன்கள், எல்லாச் சாதியாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்தை ஒரு சோதனையாகவே வைத்தன. வேதத்தை நன்றாகப் போதித்த உபதேசியார்களில் பலர் அந்த இலையில் உட்கார மறுத்து வேலையை இழந்தார்கள். உங்களுக்கும் அதே இடத்தில்தான் தடுக்குகிறது.

வேலூரில் இருக்கிறீர்கள், அதனால் இதையும் கேட்கிறேன். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை ஞாயிறு பள்ளியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வரும்படி அவரைக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார். ஆண் டாக்டர் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது, வழக்கமில்லை என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். பிறகு அவர் படித்து டாக்டராகி 1900இல் இங்கே வந்து வேலையைத் தொடங்கினார். இந்தக் கதையை நாம் எப்போதும் ஐடாவின் பக்கம் நின்றே கேட்கிறோம். உதவி செய்ய வருகிறவர் நாம், கதவைச் சாத்துகிறவர் அவர்கள் என்று நமக்குப் பழகிவிட்டது. உங்கள் தெருவில் கதை மாறிவிட்டது. வருகிறவர் அந்த அம்மா. வழக்கமில்லை என்று சாத்துகிறவர் நீங்கள்.

நன்றி இல்லை என்கிறீர்கள். இந்த ஊரில் நன்றியை யாரும் மேடை போட்டுச் சொல்ல மாட்டார்கள், ஒரு கிண்ணத்தில் ஊற்றி அனுப்புவார்கள். அனுப்பினார்கள். மற்ற மூன்று பேரிடம் தெரு ஏன் பேசுகிறது என்ற புதிருக்கும் பதில் அதே கிண்ணத்தில் இருக்கிறது. அவர்களுக்கு மனு எழுதத் தெரியாமல் இருக்கலாம், பாத்திரம் கழுவவும் தெரியாமல் இருக்கலாம் (அதை நீங்கள் சொல்வது நியாயம், கழுவித்தான் கொடுக்க வேண்டும்). ஆனால் வாங்கிக்கொள்ளத் தெரிகிறது. நீங்கள் கொடுப்பவராக மட்டுமே இருப்பேன் என்று நின்றால், எதிரே இருப்பவர் எப்போதும் கையேந்துபவராகவே நிற்க வேண்டும். அப்படி நிற்கப் பிடிக்காதவர்கள்தான் மனுவைக் கொடுத்துவிட்டு வாசலோடு போகிறார்கள்.

உங்கள் பொறுப்பாளர் சொன்ன "சும்மா உட்கார்" என்பதை நீங்கள் சோம்பேறித்தனமாக எடுத்துக்கொண்டீர்கள். லூக்கா 10ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எழுபது பேரை ஊர்களுக்கு அனுப்பும்போது பணப்பையும் சாமான் பையும் கொண்டுபோக வேண்டாம் என்கிறார் இயேசு. போன வீட்டிலேயே தங்கி, அவர்கள் முன்னால் வைப்பதைச் சாப்பிடச் சொல்கிறார். நோயாளியைக் குணமாக்கும் பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

நீங்கள் கெட்ட பெண் இல்லை. வேலையை விட்டு வந்தவர், லைனில் நின்று டோக்கன் வாங்கிக் கொடுத்தவர். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. அது போகட்டும் என்று ஒதுக்கியதைக் கடிதத்தில் எழுதாமலே விட்டிருக்கலாம், எழுதியிருக்கிறீர்கள். உள்ளே எங்கோ உறுத்துகிறது என்றுதான் நினைக்கிறேன்.

இனி குழம்பு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, நீங்களே ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய், பசிக்கிறது என்று சொல்வது. மாட்டுக்கறி பழக்கமில்லை என்றால் அதை நேராகச் சொல்லலாம், தப்பே இல்லை. ரசம் ஊற்றுவார், கொஞ்சம் கிண்டலும் செய்வார், சிரித்துக்கொள்ளுங்கள். உபவாசம் என்று மட்டும் இனிச் சொல்ல வேண்டாம். பாட்டிக்கு போனில் ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்க வேண்டிய அவசியமும் இப்போது இல்லை.

இருக்கவா கிளம்பவா என்பதற்கு இன்று நான் பதில் சொல்ல மாட்டேன். அந்தத் தெருவில் நீங்கள் இன்னும் குடியே வரவில்லை. சில வீடுகளில் சாப்பிட்ட பிறகும் கிளம்ப வேண்டும் என்றே தோன்றினால் எனக்கு எழுதுங்கள். அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று அப்போது சேர்ந்து யோசிக்கலாம்.