மகளின் ஆய்வு நேரத்துக்குப் பணம் தருவது யார் என்று கேளுங்கள்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. அமெரிக்காவில் எம்.டி.–பிஎச்.டி. இணைப்படிப்பின் எட்டாம் ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், பொது மருத்துவ ரெசிடென்சிக்கான (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சிக்கான) நேர்காணல்களுக்குச் சென்றுகொண்டிருக்கிறார். அதன்பின் வாதநோய்த் துறையில் சிறப்புப் பயிற்சி பெற்றுக்கொண்டே, நோயெதிர்ப்பு ஆற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்களின் நோயெதிர்ப்பு செல்களைப் பற்றிய தம் ஆய்வையும் தொடர விரும்புகிறார். “ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இன்னும் எத்தனை காலம் இருப்பாள்? மருத்துவம் மட்டும் பார்த்தால் போதாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றவர்களுக்கு வரும் நியாயமான கவலை இது. ஆய்வை விடுவதா தொடர்வதா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. அடுத்த ஆறேழு ஆண்டுகளில் அவர் ஆய்வகத்தில் செலவிடும் நேரத்துக்கு யார் பணம் தருவார்கள், அந்த நேரத்தை யார் காப்பாற்றிக் கொடுப்பார்கள் என்பதே அது. அதற்கு என்னால் விடை சொல்ல முடியும்.

முதலில், மருத்துவமும் ஆய்வும் ஒருவரிடமே ஏன் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1960களில் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர்களாகச் சந்தித்து நண்பர்களானவர்கள். பின்னர் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச்சில் பணியாற்றியபோது, பரம்பரைக் கோளாறால் இரத்தத்தில் கொழுப்பு மிக அதிகமாகி, சிறு வயதிலேயே இதயம் பாதிக்கப்பட்ட நோயாளிகளைக் கோல்ட்ஸ்டீன் நேரில் கவனித்தார். அந்த நோய் ஏன் வருகிறது என்ற கேள்வியே இருவரையும், இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பைச் செல்களுக்குள் எடுத்துக்கொள்ளும் எல்டிஎல் ஏற்பியிடம் கொண்டு சேர்த்தது. 1985இல் நோபல் பரிசும் கிடைத்தது. நோயாளியின் படுக்கையருகே எழும் கேள்வியை ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லத் தெரிந்தவர்கள் இல்லாமல் இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகள் வருவது கடினம்.

இப்படிப்பட்டவர்கள் குறைந்துவருகிறார்கள் என்பது பழைய கவலைதான். பின்னாளில் என்ஐஎச் இயக்குநரான ஜேம்ஸ் வின்கார்டன் 1979லேயே இதைப் பற்றி எச்சரித்தார். 2014இல் அறிக்கை தந்த என்ஐஎச் பணிக்குழுவும் இதையே ஆராய்ந்தது. அமெரிக்க மருத்துவர்களில் ஆய்வை முதன்மைப் பணியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பேர் மட்டுமே. உங்கள் மகள் படிக்கும் வகையான இணைப்படிப்புக்கு அரசு 1964 முதலே நிதி தருகிறது. கல்விக் கட்டணம், உதவித்தொகை எல்லாம் அதில் அடங்கும். பயிற்சியெல்லாம் முடிந்து பேராசிரியர் பணியின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்குக் கே08, கே23 என்ற என்ஐஎச் மானியங்கள் இருக்கின்றன; பெரும்பாலான துறைகளில் அவை நூற்றுக்கு 75 பங்கு நேரத்தை ஆய்வுக்கென ஒதுக்கச் சொல்கின்றன. ஆக, இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் பணம் இருக்கிறது. நடுவில் இருக்கும் ரெசிடென்சி ஆண்டுகளில்தான் வெள்ளம் ஆளை இழுத்துக்கொண்டு போகிறது.

அந்த ஆண்டுகளில் நடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ரெசிடென்ட் மருத்துவர் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்ற வரம்பு 2003 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. அதுவும் நான்கு வாரச் சராசரிதான். அந்த 80 மணி நேரத்தில் ஆய்வகத்துக்கு இடம் இல்லை. முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வின் கட்டுரை மதிப்பீட்டாளரிடமிருந்து திரும்பி வரும்; இன்னும் ஒரு சோதனை செய்து காட்டுங்கள் என்பார்கள். அதற்கான மாதிரிகள் பழைய ஆய்வகத்தில் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில், அவர் கையெழுத்தில் பெயர் எழுதிய பெட்டிக்குள் அப்படியே இருக்கும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவார். ஆறு மாதத்தில் வேறொரு குழு அதே முடிவை வெளியிட்டுவிடும். யாரும் ஒருநாள் உட்கார்ந்து ‘ஆய்வை விடுகிறேன்’ என்று முடிவெடுப்பதில்லை. கை விட்டுப் போனது பிறகுதான் தெரியவருகிறது.

மருத்துவமனையே அந்த நேரத்தைக் கொடுக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். ரெசிடென்ட்களின் ஊதியத்தில் பெரும்பங்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வருகிறது. அந்தப் பணம் நோயாளிகளைக் கவனிப்பதற்காகத் தரப்படுவது. குறிப்பிட்ட நோயாளியின் சிகிச்சையோடு தொடர்பில்லாத ஆய்வில் கழியும் காலத்தை, அந்தப் பணத்தின் ஒரு முக்கியப் பகுதியைக் கணக்கிடும்போது மெடிகேர் சேர்த்துக்கொள்வதில்லை. மேலும், 1997இல் வந்த சட்டம் மெடிகேர் பணம் தரும் பயிற்சி இடங்களின் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு விதித்துவிட்டது. எனவே ஒரு ரெசிடென்ட்டை ஓராண்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால், அவருக்கான வரவும் குறைகிறது, வார்டில் ஒரு கையும் குறைகிறது. நல்ல மனம் படைத்த இயக்குநராலும் வெளியிலிருந்து நிதி வராமல் இதைச் செய்ய இயலாது. ஆய்வுக்கான நிதி என்று நாம் சொல்வது உண்மையில் அந்த மருத்துவரின் நேரத்தை மருத்துவமனையிடமிருந்து விலைகொடுத்து மீட்பதற்கான பணம்.

இப்போது உங்கள் மகளுக்கு உள்ள வழிகளுக்கு வருகிறேன். பொது மருத்துவத்துக்குச் சான்று வழங்கும் அமெரிக்க வாரியம் ‘ஆய்வுப் பாதை’ என்ற ஒன்றை வைத்திருக்கிறது. இதில் பொது மருத்துவப் பயிற்சி மூன்று ஆண்டுக்குப் பதில் இரண்டு ஆண்டு. அதன்பின் சிறப்புத் துறையின் மருத்துவப் பயிற்சி. அதோடு மூன்று ஆண்டு ஆய்வு, அதில் நூற்றுக்கு 80 பங்கு நேரம் ஆய்வுக்கு. உங்கள் மகள் விரும்பும் வாதநோய்த் துறைக்கு இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான வழியில் மூன்றும் இரண்டும் ஐந்து ஆண்டு. ஆய்வுப் பாதையில் இரண்டும் ஒன்றும் மூன்றும் ஆறு ஆண்டு. நீங்கள் அஞ்சும் முடிவில்லாத படிப்பு இங்கே ஓர் ஆண்டு மட்டுமே நீள்கிறது. அதற்கு ஈடாக மூன்று ஆண்டு காக்கப்பட்ட ஆய்வு நேரம் கிடைக்கிறது. வழக்கமான வழியில் ஐந்து ஆண்டை முடித்துவிட்டு, அதற்கு மேல் தனியாக ஆய்வுக்கென்று ஆண்டுகளைத் தேடுபவருக்கு இதைவிட அதிகக் காலம் ஆகும். (இதயவியல் போன்ற துறைகளில் இந்தப் பாதை ஏழு ஆண்டு வரை போகும், குழந்தை மருத்துவத்துக்கும் கதிரியக்கத் துறைக்கும் அவற்றின் வாரியங்கள் தனித்தனி ஆய்வுப் பாதைகளை வைத்திருக்கின்றன.) ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: வாரியம் நேரத்தை அனுமதிக்கிறதே தவிர, பணம் தருவதில்லை.

பணம் பெரும்பாலும் இரண்டு வாசல்கள் வழியாக வருகிறது. சிறப்புத் துறைப் பயிற்சியின்போது அந்தத் துறை பெற்றிருக்கும் டி32 என்ற என்ஐஎச் பயிற்சி மானியம் முதலாவது. இரண்டாவது, ரெசிடென்சிக் காலத்துக்கே உரிய ஆர்38 என்ற மானியம். அதை என்ஐஎச்சின் இதய, நுரையீரல், இரத்த நோய் நிறுவனம் 2017இல் அறிவித்துத் தொடங்கி வைத்தது. இதில் பணம் பயிற்சி தரும் நிறுவனத்துக்கு வருகிறது. நிறுவனம் தன் ரெசிடென்ட்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு முதல் ஈராண்டு வரை வழிகாட்டியின் கீழ் ஆய்வு செய்ய வைக்கிறது. அப்படி வந்தவர்கள் பின்னர் ஆய்வைத் தொடர, தனிப்பட்ட முறையில் கே38 என்ற மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். இத்தகைய மானியங்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கே தரப்படுவதால், உங்கள் மகள் சேரும் ஆண்டில் அந்த நிறுவனத்தின் மானியம் நடப்பில் இருக்குமா, புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறார்களா என்பதை நேரடியாகக் கேட்க வேண்டும்.

டி32இல் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். முனைவர் பட்டத்துக்குப் பின்னான நிலையில் ஒருவர் இவ்வகை உதவியை மொத்தம் மூன்று ஆண்டே பெற முடியும். முதல் 12 மாதத்துக்குப் பெற்ற உதவிக்கு ஈடாக அதே காலம் ஆய்வோ கற்பித்தலோ செய்து தீர்க்க வேண்டிய கடமை உண்டு. இரண்டாம் ஆண்டும் பயிற்சியில் தொடர்ந்தாலே அது தீர்ந்துவிடும், ஆகவே அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் முதல் ஆண்டோடு வெளியேறினால் கணக்கு வேறு. மூன்றாவது, உதவித்தொகை. 2024ஆம் ஆண்டுக்கு என்ஐஎச் நிர்ணயித்த தொடக்க நிலை 61,008 டாலர். பயிற்சி ஆண்டுகள் கூடக்கூட இது உயரும். இருந்தும் அதே ஆண்டில் மருத்துவப் பணியில் இருக்கும் சக ஃபெலோவின் (சிறப்புப் பயிற்சி மருத்துவரின்) ஊதியத்தைவிடக் குறையலாம். அந்த இடைவெளியைத் துறை தன் பணத்தால் நிரப்புகிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மகளுக்குக் கிரீன் கார்டு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய வசதி. டி32, கே08, கே23 ஆகியவை குடிமக்களுக்கும், கிரீன் கார்டு வழியாக நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. விசாவில் இருப்பவர்கள் இதை அறியாமல் பயிற்சித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அவர்களுக்குக் கே99 என்ற என்ஐஎச் மானியம் போன்ற, குடியுரிமை கேட்காத வழிகளும் தனியார் அறக்கட்டளைகளும் உண்டு. அவற்றை முன்கூட்டியே தேட வேண்டும்.

உங்கள் மகளுக்குக் கல்விக் கடன் இல்லை. எம்.டி. மட்டும் படித்துக் கடனோடு வெளிவரும் தோழர்களுக்கு, ஆய்வில் வாரம் சராசரியாக 20 மணி நேரமாவது ஈடுபட்டால் ஆண்டுக்கு 50,000 டாலர் வரை கடனை அடைக்கும் என்ஐஎச் திட்டம் உண்டு. பிஎச்.டி. இல்லாத மருத்துவர்களை ஆய்வுக்குக் கொண்டுவருவதற்காக பரோஸ் வெல்கம் நிதியம் பத்து நிறுவனங்களுக்குத் தலா 25 லட்சம் டாலர் தந்ததும் இதே நோக்கத்தில்தான். மகளிடம் சொல்லுங்கள், தோழர்களுக்குப் பயன்படும்.

காகிதத்தில் உள்ளதும் நடப்பதும் ஒன்றல்ல என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் இரண்டு தாள்களோடு என்னிடம் வந்தார். ஒன்று, நூற்றுக்கு 80 பங்கு நேரம் ஆய்வுக்கு என்று உறுதியளித்த நியமனக் கடிதம். மற்றொன்று, அதே பயிற்சித் திட்டத்தில் அவருக்கு முந்தைய ஆண்டில் இருந்தவரின் பணி அட்டவணை. வாரத்தைப் பத்து அரைநாட்களாகப் பிரித்து, பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்தோம். வெளிநோயாளர் பிரிவுக்கு இரண்டு அரைநாள். வார்டு ஆலோசனைக்கு ஒன்று. வாரம் ஓர் இரவுப் பணி. மறுநாள் காலை தூக்கத்தில் போகும், அது ஒன்று. மிஞ்சியது ஆறு அரைநாள், அதாவது நூற்றுக்கு 60. யாரும் ஏமாற்ற நினைத்ததாக நான் கருதவில்லை. ஆள் குறைந்தபோதெல்லாம் ஆய்வில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அவர் அந்த அட்டவணையை இயக்குநரிடம் காட்டிப் பேசினார். வெளிநோயாளர் பிரிவு ஒரு அரைநாளாகக் குறைந்தது. இரவுப் பணி மாதத்துக்கு ஒன்றாக மாறியது. இப்போதும் அவர் ஆய்வகத்தில்தான் இருக்கிறார்.

2012இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், என்ஐஎச்சில் இரண்டு ஆண்டு ஆய்வு செய்துவிட்டு 1970இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரெசிடென்சியைத் தொடர்ந்தார். ஆய்வகம் இல்லாத சில மாதங்களே அவருக்குத் தாங்கவில்லை. பயிற்சிக் காலத்திலேயே எட்கர் ஹேபரின் ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டார். இதைக் கேட்டுத் திறமை இருந்தால் வழி தானே பிறக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஹேபர் அதே மருத்துவமனையின் இதயவியல் தலைவர்; ஆய்வகம் கூப்பிடு தூரத்தில் இருந்தது, கதவும் திறந்திருந்தது. உங்கள் மகள் போகும் இடத்திலும் அப்படி ஒரு கதவு, லூபஸை ஆராயும் ஒரு வழிகாட்டி, நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறாரா என்பது நிறுவனத்தின் பெரும் பெயரைவிட முக்கியம்.

மாணவர்களும் பயிற்சித் திட்டங்களும் தரும் தரவரிசைப் பட்டியல்களைப் பொருத்தி இடம் ஒதுக்கும் முறைக்கு மேட்ச் என்று பெயர்; அதன் முடிவு இருதரப்பையும் கட்டுப்படுத்துவது. மார்ச்சில் பெயர் வந்தபின் பேரம் பேச இடமில்லை. எனவே தரவரிசைப் பட்டியலை உறுதிசெய்யும் முன், ஒவ்வொரு நேர்காணலுக்குப் பின்னும், அந்தத் திட்டத்தில் ஆய்வு ஆண்டில் இருக்கும் ஒருவரோடு, இயக்குநர் உடனில்லாமல், உங்கள் மகள் தொலைபேசியில் பேசட்டும். கடந்த வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு அரைநாளும் எங்கே இருந்தீர்கள், உங்கள் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது, உங்களுக்கு முன் இருந்த மூவர் இப்போது என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். விடைகளை அன்றே எழுதி வைக்கட்டும். பட்டியலை அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்னதாக அந்தக் குறிப்புகளை எனக்கு அனுப்பினால், நாம் மூவரும் உட்கார்ந்து பென்சிலோடு பார்க்கலாம்.