வெள்ளிக்கிழமை மீன்தலைக் கறி

கேள்வி: ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சுத்தபோசனம். கோழி, ஆடு எதுவும் வாசலுக்குள் வராது. பதிலுக்கு மீன்தலைக் கறி, இறால் சம்பல், நண்டு. வேலைக்கு இருக்கும் இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவுப் பெண் காலை ஐந்து மணிக்கே எழுந்தால்தான் எல்லாம் மதியத்துக்குள் முடிகிறது. அவளும் நம் கத்தோலிக்க வேதம்தான். மருமகளோ, "இது நோன்பா, விருந்தா?" என்று கேலி பேசுகிறாள். நான் சபைச் சட்டத்தை மீறுகிறேனா? ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை இரவே மட்டன் வைக்கலாமா? எனக்கு வயது 63.
ஒரு வாசகி, ஜார்ஜ் டவுன், பினாங்கு

பதில்: மீறவில்லை அம்மா. வெள்ளிக்கிழமைத் தடை இறைச்சிக்குத்தான். மீன், இறால், நண்டு அதில் சேராது; முட்டைக்கும் பாலுக்கும்கூடத் தடை இல்லை. ஒரு வேளை மட்டும் வயிறாரச் சாப்பிடும் ஒருசந்தி, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டுமே கட்டாயம். 63 வயதில் உங்களுக்கு அதிலிருந்தும் விலக்கு. சுத்தபோசனத்துக்கு மட்டும் வயது விலக்கு கிடையாது.

ஆக, சட்டப்படி நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஆனால் கோழி வாங்குகிற காசில் சௌரஸ்தா மார்க்கெட்டில் நல்ல மீன்தலை ஒன்று வருமா என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். சாம்பல் புதனன்று வாசிக்கும் மத்தேயு நற்செய்தி 6-ஆம் அதிகாரம், தர்மம், செபம், நோன்பு மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. வாயைக் கட்டி மிச்சம் பிடித்தது இல்லாதவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது பழைய கணக்கு. உங்கள் வெள்ளிக்கிழமையில் மிச்சம் எங்கே? கூடுதல் செலவுதான். மருமகளின் கேலியில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. அதோடு விட்டுவிடலாம், நண்டு தின்றதற்காக நரகத்துக்குப் போனவர் யாரும் இல்லை.

நான் நின்றுவிட்டது வேறு வரியில். ஐந்து மணிக்கு எழுகிற அந்தப் பெண். அதை நீங்கள் கேள்வியாகவே கேட்கவில்லை. போகிற போக்கில் சொல்லிவிட்டு மருமகளிடம் போய்விட்டீர்கள்.

தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று, உங்கள் அடுப்பில் முதல் மீன்தலை கொதிக்கிற அதே நாளில், பூசையில் வாசிப்பது பழைய ஏற்பாட்டின் எசாயா 58-ஆம் அதிகாரம். லெந்து நாள், அதாவது தவக்கால, தியானங்களில் மற்றச் சபையாரும் விரும்பி எடுக்கும் அதிகாரம் அது. "நாங்கள் நோன்பிருந்தோமே, நீர் ஏன் கண்டுகொள்ளவில்லை?" என்று சனங்கள் ஆண்டவரிடம் முறையிடுகிறார்கள். வருகிற பதிலில் அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள், எதை விட்டார்கள் என்ற பேச்சே இல்லை. நோன்பு நாளிலும் உங்கள் காரியத்தைத்தான் பார்க்கிறீர்கள், வேலையாட்களை வாட்டுகிறீர்கள் என்கிறார். நாணல் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாக்கிலும் சாம்பலிலும் கிடப்பதா நோன்பு என்று கேட்கிறார். வேலையாட்கள் மூன்றாம் வசனத்திலேயே வந்துவிடுகிறார்கள், கவனியுங்கள். பசித்தவர் வருவது ஏழாம் வசனத்தில்தான். கோயில் வாசலில் நிற்பவருக்குப் பத்து ரிங்கிட் கொடுப்பது சுலபம். நம் அடுப்படியில் நிற்பவர் கதை வேறு.

சரி, இப்போது நான் கேட்கிறேன். அவள் கடைசியாகப் பூசைக்குப் போனது எப்போது? ஃபுளோரஸ் கத்தோலிக்கர் நிறைந்த தீவு. அதன் கிழக்குக் கோடியில் லாரந்துக்கா என்று ஓர் ஊர். பெரிய வெள்ளியன்று அங்கே 'துவான் மா' என்று அழைக்கும் மாதா சுரூபத்தை எடுத்துக்கொண்டு இரவில் தெருத்தெருவாகச் சுற்றி வருவார்கள்; போர்த்துக்கீசியர் வழியாக வந்த வழக்கம். அந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவள் பெரிய வெள்ளியன்று உங்கள் சமையலறையில் இறால் உரித்துக்கொண்டிருக்கிறாள், நீங்கள் சுத்தபோசனம் இருப்பதற்காக!

இங்கே பினாங்கில் நமக்குப் பெரிய வெள்ளி பொது விடுமுறை இல்லை. சபா, சரவாக்கில் உண்டு. ஆபீசில் இருப்பவர் ஆண்டு லீவில் ஒரு நாளை எடுத்துக்கொண்டு மதியம் மூன்று மணிக்கு நடக்கும் வழிபாட்டுக்குப் போய்விடலாம். அவளுக்கு லீவு தர வேண்டியவர் நீங்கள்தான். வாரம் ஒரு நாள் ஓய்வு, பாஸ்போர்ட் அவரவர் கையில் என்பதெல்லாம் மலேசியாவும் இந்தோனேசியாவும் 2011-லேயே ஒப்புக்கொண்டவை. அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்ட அனுமதி இல்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். அது உங்கள் அலமாரியில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருந்தால், "பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன்" என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதாதீர்கள். எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள்.

மட்டன் விஷயம். பெரிய சனிக்குச் சுத்தபோசனக் கட்டாயம் இல்லை, தாராளமாக வைக்கலாம். ஆனால் அன்று இரவு பாஸ்கா திருவிழிப்பு, ஈஸ்டரை வரவேற்கும் இரவு வழிபாடு. தீ மூட்டி, பாஸ்கா திரி ஏற்றி, வாசகங்கள் எல்லாம் முடிந்து வர வெகு நேரமாகும். மலாய் மொழியில் பூசை நடக்கும் கோயில் எது என்று விசாரித்து அவளை அங்கே அனுப்பிவிட்டு, மட்டனை நீங்களும் மருமகளும் சேர்ந்து வையுங்கள். உங்கள் மகனுக்கு வெங்காயமாவது உரிக்கத் தெரியும் என்று நம்புகிறேன்.