அணையா அடுப்பும் விமான என்ஜினும்

வணக்கம் ஐயா,

போன மாதம் துபாயில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்வந்தேன். முதல் விமானப் பயணம். இறக்கையை ஒட்டிய ஜன்னல் சீட். நாலு மணி நேரமும் என்ஜினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எந்நேரமும் தீ எரிகிறது என்கிறார்கள். அப்படியானால் தீப்பிடித்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? கண்டுபிடித்தாலும் அந்த உயரத்தில் யார் தண்ணீர் ஊற்றுவது?

ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

வடலூருக்குப் போயிருப்பீர்கள். வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு அங்கே இன்றும் எரிகிறது. அதைப் பார்த்து யாரும் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவதில்லை. நெருப்பு கூரைக்குத் தாவினால்தான் கலவரம். என்ஜினிலும் அப்படித்தான். நடுவில் இருக்கும் எரியறைதான் அடுப்பு. அதன் உறைக்கும் நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்த வெளிமூடிக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. எரிபொருள் குழாய், எண்ணெய்க் குழாய், மின்கம்பி எல்லாம் அதற்குள் ஓடுகின்றன. எங்காவது கசிந்து சூடான பாகத்தில் சொட்டினால் போதும், பற்றிக்கொள்ளும். காவல் போட்டிருப்பது அந்த இடைவெளிக்குத்தான்.

காவலுக்கு நிற்பது நீளமான மெல்லிய குழாய். பல விமானங்களில் அதற்குள் ஹீலியம் அடைத்து, நடுவில் ஹைட்ரஜனை உறிஞ்சிவைத்த உலோகத்தையும் செருகியிருப்பார்கள். இடைவெளி முழுக்கச் சூடேறினால் ஹீலியத்தின் அழுத்தம் கூடும். ஒரே இடத்தில் சுடர் பட்டால் உலோகம் ஹைட்ரஜனைக் கக்கி அழுத்தத்தை ஏற்றும். எப்படியானாலும் முனையிலுள்ள சுவிட்ச் தட்டப்பட்டு விமானி அறையில் மணி அடிக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு சுவிட்ச். குழாய் உடைந்து ஹீலியம் வெளியேறிவிட்டால், ‘பழுது’ என்று அது தனியாகச் சொல்லிவிடும். காவல்காரன் செத்தாலும் செய்தி வந்துவிடுகிறது!

பொதுவாக இப்படி இரண்டு குழாய்களை அருகருகே ஓட்டுவார்கள். இரண்டும் ஒத்துச் சொன்னால்தான் மணி. ஒன்று பழுதானால் மற்றதன் பேச்சை மட்டும் கேட்பார்கள். பொய் மணியை நம்பி நடுவானில் நல்ல என்ஜினை அணைப்பது சின்ன விஷயம் இல்லையே.

சரி, மணி அடித்துவிட்டது. ‘எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும்’ என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். விமானி செய்வதும் அதுதான். அந்த என்ஜினுக்குரிய சிவப்புக் கைப்பிடியை இழுப்பார். சில விமானங்களில் அது பொத்தானாக இருக்கும். எரிபொருள், ஹைட்ராலிக் எண்ணெய், சூடான காற்று எல்லாவற்றின் வால்வுகளும் மூடிக்கொள்ளும். என் கணக்கில் பாதித் தீயை அணைப்பது இந்தக் கைப்பிடிதான். தீயணைப்புக் குப்பிக்கு வேலை அதற்கு அப்புறம்.

குப்பியில் இருப்பது தண்ணீர் இல்லை, ஹாலன் என்ற வாயு. நைட்ரஜனைக் கொண்டு அழுத்தி அடைத்திருப்பார்கள். எரிதலின் வேதிச் சங்கிலியை இது நடுவிலேயே அறுத்துவிடும். ஓசோனுக்குக் கெடுதல் என்பதால் வளர்ந்த நாடுகள் 1994இலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டன. ஆனாலும் என்ஜின்களுக்கு இன்னும் பழைய இருப்புதான் கைகொடுக்கிறது. ஏர்பஸ் விமானங்களில் பொத்தானை அழுத்தியதும் குப்பியைத் திறக்க மாட்டார்கள், பத்து விநாடி பொறுப்பார்கள். என்ஜின் சுழற்சி தணிந்து காற்றோட்டம் குறைந்தால்தான் வாயு உள்ளே தங்கும். 30 விநாடி கழித்தும் எச்சரிக்கை அணையவில்லை என்றால் இரண்டாவது குப்பி. எங்கள் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு வரும் சின்ன ஏடிஆர் விமானத்திலும் இரண்டு குப்பிகள்தான்.

இரண்டும் தீர்ந்த பிறகும் எரிந்தால் என்ன செய்வது என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டென்வரில் கிளம்பிய போயிங் 777 ஒன்றில் அதுதான் நடந்தது. விசிறியின் இதழ் ஒன்று முறிந்து மூடியே பிய்ந்து விழுந்தது. இரண்டு குப்பிகளையும் திறந்தும் எச்சரிக்கை விளக்கு உடனே அணையவில்லை. விமானி திரும்பிவந்து, மற்ற என்ஜினை நம்பி அதே டென்வரில் இறக்கினார். உள்ளே இருந்த ஒருவருக்கும் காயம் இல்லை.