பசுவா, பாசியா?

கேள்வி: பாக் விரிகுடாவில் கடல்பசுவுக்கென்று 448 சதுர கிலோமீட்டர் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவோ ஒரு நாளைக்கு 40 கிலோ கடல்பாசியைத் தின்று தீர்க்கிறதாம். பாசியாவது மீன் குஞ்சுக்கு ஒதுங்க இடம் கொடுக்கும். கடலுக்கு எது லாபம், பசுவா, பாசியா?
(வாசகர், சேதுபாவாசத்திரம்)

பதில்: கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிற நீங்களே இப்படிக் கேட்கலாமா? அது பாசி இல்லை, புல். பாசிக்கு வேரும் கிடையாது, பூவும் கிடையாது. கடற்புல்லுக்கு இரண்டும் உண்டு. தண்ணீருக்குள்ளேயே பூத்து, அங்கேயே மகரந்தம் சேர்ந்து காய்க்கிற செடி.

40 கிலோ கணக்கு சரிதான். தின்கிற விதத்தையும் கொஞ்சம் பாருங்கள். மூஞ்சியை மண்ணில் பதித்து, வேரோடு பிடுங்கியபடி, ஒரு சாண் அகலத்துக்குக் கோடு கிழித்துக்கொண்டே போகும். பார்க்க அழிச்சாட்டியமாகத்தான் இருக்கும். ஆனால் கோட்டின் இரண்டு ஓரமும் புல் அப்படியே நிற்கிறது. அங்கிருந்து இளம்புல் ஏறி வந்து இடைவெளியை மூடிவிடும். புல்லோடு விழுங்கிய விதை வேறெங்கோ சாணத்தோடு விழுகிறது. ஆஸ்திரேலியாவில் அப்படிச் சாணத்திலிருந்து எடுத்த விதைகள் முளைத்தே காட்டியிருக்கின்றன. இதை நஷ்டக் கணக்கில் எழுதினால் எப்படி?

அப்புறம், புல் வளரும் வேகத்தில் பசு பெருகாது. ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்ததற்குச் சில வருஷம் ஆகும். மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய பிராணி, வலையில் மாட்டினால் மூச்சுத் திணறியே செத்துவிடும். வலையை அறுத்து அதை விடுவிக்கும் மீனவருக்கு அரசு பரிசு கொடுக்கிறது. கொடுக்க வேண்டியதுதான், அறுத்த வலையின் விலை அவருக்கல்லவா தெரியும்!

2022 செப்டம்பரில் கடல்பசு காப்பகம் என்று அறிவித்த இதே இடத்தை 'கடற்புல் காப்பகம்' என்று அறிவித்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியை அனுப்பியிருக்கவே மாட்டீர்கள். பசுவுக்கு முகம் இருக்கிறது, போஸ்டரில் போடலாம். புல்லுக்கு என்ன இருக்கிறது? பசு பேரைச் சொல்லி அதன் மேய்ச்சல் நிலத்துக்கும், நீங்கள் கவலைப்படுகிற மீன் குஞ்சுக்கும் சேர்த்துத்தான் வேலி போட்டிருக்கிறார்கள்.

புல்லை அடியோடு வழித்துப் போடுவது, விசைப்படகு கடலடியில் இழுத்துப் போகும் இழுவைமடி வலை. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-லேயே சட்டம் வந்தாயிற்று. பிடிக்கிறதா இல்லையா என்பதைக் கரையில் நின்று பார்க்கிற நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும்.